நின்று கற்க வேண்டிய பாடம்
(இடைநிலைப் பள்ளி மாணவர்க்கும் பெற்றோர்க்கும்)

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். இயலைப் பள்ளியிற் கற்கிறோம். இசையை ஓரளவு செவியினாற் கற்கிறோம். மூன்றாவதாகிய நாடகத்தை மட்டும் ஏனோ பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகிறோம். "கூத்தாடவா உன்னைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று வினவும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உளர்.

இவ்வினாவிற்கு நேரான விடை தருவதே இப்பாடத்தின் நோக்கமாகும். தமிழ் இலக்கியத்தை எஸ்.பி.எம். தேர்வுப் பாடமாக எடுக்கும் மாணவர், கவிதை, புதினம் ஆகியவற்றோடு நாடகத்தையும் கற்கின்றனர். ஆயின், நம்முள் பலர் அதனைக் கற்கும் முறை யாது? நூலை ஒரு முறை கண்ணால் ஓட்டுகிறோம். பிறகு கதைச் சுருக்கத்தையும் கதைமாந்தர் பண்புநலன்களையும் குறிப்பேட்டிலிருந்து மனனம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இம்முறையினால் மதிப்பெண் கிடைத்தல் கூடும், நாடகம் கிடைக்காது. ஏனெனில், நாடகம் உட்கார்ந்து படித்து முடிக்கும் பாடம் அன்று. எழுந்து நின்று, வாய்விட்டுப் பேசிக் கற்க வேண்டிய பாடம்.

நூல் வேறு, நாடகம் வேறு

புதினத்தில் ஆசிரியர் நமக்கு அனைத்தையும் விளக்கிச் சொல்லலாம். ஒருவன் என்ன நினைத்தான், ஏன் வருந்தினான், அவ்வருத்தம் எத்தனை நாள் நீடித்தது என்பனவற்றை அவர் எழுதிவிடுவார். நாடகத்திலோ அவ்வசதி பெரிதும் இல்லை. அங்கே இருப்பவை இரண்டே. ஒன்று, மாந்தர் பேசும் உரையாடல். மற்றொன்று, அடைப்புக்குறிக்குள் வரும் சிறு குறிப்பு. எஞ்சியவற்றையெல்லாம் நடிப்பவரும் காண்பவரும் தாமே நிறைவு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அச்சிட்ட நாடக நூலை ஒரு வீட்டின் வரைபடத்திற்கு ஒப்பிடலாம். வரைபடத்தில் எவரும் குடியிருக்க இயலாது. அதனைக் கொண்டு வீட்டைக் கட்டிய பின்னரே அறை எவ்வளவு விரிவானது, காற்று எவ்வழி வருகிறது என்பவை தெரியவரும். நாடகத்தை நின்று பேசிப் பார்த்தல் என்பது அவ்வீட்டைக் கட்டிப் பார்த்தலே ஆகும்.

விதை முதல் அறுவடை வரை

நாடகக் கதை எவ்வாறு வளர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் நாடகக் கதையின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகக் காட்டியுள்ளார். அவை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன. சொற்கள் கடினமாகத் தோன்றினும் அவர் கூறும் உவமை எளியது. மண்ணோடு பழகிய நம் மக்களுக்கு உடனே விளங்குவது.

1. முகம்: உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட விதை முளைவிடுதல் போன்றது. கதையின் சிக்கல் தோன்றும் இடம் இதுவே.

2. பிரதிமுகம்: முளை இலைவிட்டு நாற்றாதல் போன்றது. சிக்கல் பலர் கண்ணிலும் படத் தொடங்குகிறது.

3. கருப்பம்: பயிர் வளர்ந்து கதிரைக் கருக்கொண்டு நிற்றல் போன்றது. இனி என்ன நேருமோ என்று காண்பவர் காத்திருக்கும் நிலை.

4. விளைவு: கதிர் முற்றி விளைதல் போன்றது. செய்த செயல்களின் பயன் வெளிப்படும் இடம்.

5. துய்த்தல்: அறுத்து, போரடித்து, தூற்றி, உண்டு மகிழ்தல் போன்றது. கதை முடிவுற்று, அதன் பொருள் நம் உள்ளத்தில் நிலைபெறுகிறது.

நீங்கள் படிக்கும் நாடகம் எதுவாயினும், இவ்வைந்து நிலைகளும் எந்த எந்தக் காட்சியில் நிகழ்கின்றன என்று நூலின் ஓரத்திற் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சியை நீக்கிவிட்டால் பயிர் எந்த நிலையில் நின்றுபோகும் என்று எண்ணிப் பாருங்கள். கதைச் சுருக்கத்தைப் பத்து முறை எழுதுவதைக் காட்டிலும் இவ்வொரு பயிற்சி மிகுந்த பயன் தரும்.

ஒரு சிறு காட்சி

இனி, பேசிப் பார்ப்பதால் விளையும் பயன் யாது என்பதைச் சான்றோடு காண்போம். இப்பாடத்திற்கென்றே நாம் எழுதிய சிறு காட்சி ஒன்றைக் கீழே தருகிறோம்.

காலம்: 1970களில் ஒரு நாள், பிரட்டுக்கு முந்திய விடியற்பொழுது. இடம்: இரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஒரு லயத்து வீட்டின் முன்புறம். தந்தை பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். தாய் வாளிகளை எடுத்து வைக்கிறார்.

மகள்: அப்பா, டவுன் பள்ளியில எனக்கு இடம் கெடைச்சிருக்கு. ஆஸ்டல்ல தங்கிப் படிக்கணுமாம்.

தந்தை: (தலை நிமிராமல்) எப்போ போகணும்?

மகள்: திங்கட்கிழமை.

தாய்: அப்போ மங்கு தொடைக்க இனிமே யாரு வருவா?

(அமைதி. தந்தை கத்தியைத் தீட்டுவதை நிறுத்துகிறார்.)

மகள்: அப்பா...

தந்தை: சரி, போயிட்டு வா. (வானத்தைப் பார்த்து) இன்னைக்கு மழை வராது.

காட்சி இவ்வளவே. இதனைக் கண்ணால் மட்டும் படித்த மாணவர், "தந்தை மகளின் கல்வியில் அக்கறை உடையவர், தாய் அக்கறை அற்றவர்" என்று எழுதிவிடுவார். மூவர் எழுந்து நின்று இதனைப் பேசிப் பார்க்கட்டும். அப்பொழுது என்ன நேர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதலில், "சரி, போயிட்டு வா" என்னும் தொடரைத் தந்தையாக நடிப்பவர் எவ்வாறு சொல்வது? விரைந்து சொன்னால், பேச்சை முடித்துவிட விரும்பும் சலிப்பு தோன்றும். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னால், மனத்தோடு போராடி முடிவெடுத்தவராகத் தோன்றுவார். மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது வாழ்த்து. பாராமற் சொன்னால் அது பிரிவுத் துயர். எழுத்து ஒன்றே, பொருளோ பல. எதனைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போதுதான் நாம் கதைமாந்தரை உண்மையாகவே ஆராயத் தொடங்குகிறோம்.

அடுத்து, தாயின் கூற்றை நோக்குவோம். அதனைச் சினத்தோடு சொல்ல முயலும் மாணவி, சில முறை சொல்லிப் பார்த்ததும் தயங்குவார். அத்தாய் கேட்பது பொய்யான கேள்வி அன்று. மகள் சென்றுவிட்டால் மங்கு துடைக்கும் வேலையும் அவர் தலைமேல்தான் விழும். அவருக்கு மகள்மீது அன்பில்லை என்பதற்குக் காட்சியில் எச்சான்றும் இல்லை. உழைப்பின் கணக்கையே அவர் உரக்கச் சொல்கிறார். தாயின் இடத்தில் நின்று பேசியவருக்கு இது விளங்கும். நிற்காதவருக்கு விளங்குதல் அரிது.

இறுதியாக, "இன்னைக்கு மழை வராது" என்பது யாது கருதி வந்தது? பேச்சை மாற்றச் சொன்னது எனலாம். ஆனால், மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும் என்பதையும் அன்றைய வருவாய் குறையும் என்பதையும் தோட்டத்தில் வளர்ந்தோர் அறிவர். திங்கட்கிழமைக்குள் பணம் சேர்க்க வேண்டும். அத்தந்தை அப்பொழுதே நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டார். மகள்மீது கொண்ட அன்பை அவர் ஒரு சொல்லாலும் கூறவில்லை, வானத்தைப் பார்த்துவிட்டார். நாடகம் என்பது இதுதான்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்தக் கதைமாந்தரை நடிக்கும் முன்னும், அல்லது அவரைப் பற்றித் தேர்வில் எழுதும் முன்னும், பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. இக்காட்சியில் இவர் வேண்டுவது யாது?

2. அதனைப் பெறவொட்டாமல் தடுப்பவர் யார், அல்லது தடுப்பது எது?

3. இவர் வாயாற் கூறுவது யாது? கூறாமல் மறைப்பது யாது?

4. காட்சி தொடங்கியபோது இருந்த மனநிலைக்கும் முடியும்போது உள்ள மனநிலைக்கும் வேறுபாடு யாது?

5. இதற்கெல்லாம் நூலில் உள்ள சான்று எது?

ஐந்தாவது கேள்வியை மறவாதீர்கள். கற்பனை எல்லை கடந்து ஓடாமல் தடுப்பது அதுவே. மேற்கண்ட தந்தை முரடர் என்று ஒருவர் வாதிட்டால், எந்தச் சொல், எந்தக் குறிப்பு அதற்குச் சான்று என்று கேளுங்கள். சான்று காட்டி வாதிடும் இப்பழக்கம் தேர்வுத் தாளுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

மேடையை அளப்போம்

"எங்கள் பள்ளியில் மேடை இல்லையே" என்று சிலர் வருந்தலாம். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம் அவர்களுக்கு ஆறுதல் அளிக்கும். அரங்கேற்று காதையில், மாதவி ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் ஆடிய அரங்கின் அளவுகள் கூறப்பட்டுள்ளன. கைப்பெருவிரல் அளவில் 24 கொண்ட மூங்கிற்கோலே அளவுகோல். அக்கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், அடித்தளத்தின் உயரம் 1 கோல், தளத்திற்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் என்பது கணக்கு. உள்ளே வரவும் வெளியே செல்லவும் இரண்டு வாயில்கள் இருந்தன.

பெருவிரல் அகலத்தை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அவ்வரங்கு நீளத்தில் 4 மீட்டருக்கும் குறைவு. அகலத்தில் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவைத்தால் கிடைக்கும் இடம் அதற்குப் போதுமானது. மாணவர்கள் மூங்கிற்கோல் ஒன்றை வெட்டி, பள்ளித் திடலில் இவ்வளவைக் கோடிட்டுப் பார்த்தல் நல்லதொரு பயிற்சியாகும். இலக்கியமும் கணக்கும் அங்கே கைகோத்துக்கொள்ளும்.

அதே காதை மூவகைத் திரைகளையும் குறிப்பிடுகிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. தூண்களின் நிழல் அரங்கின்மீது விழாதவாறு விளக்குகளை வைத்தனர் என்ற செய்தியும் அதில் உண்டு. ஆடலாசான், இசையாசிரியன், தமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. மேடையில் நிற்பவர் ஒருவராயினும், அவரை நிறுத்துபவர் பலர் என்பது இதனாற் பெறப்படும். வகுப்பில் நடிக்கக் கூச்சப்படும் மாணவருக்கும் இடம் உண்டு. விளக்கைக் கவனிப்பவர், உரையாடலை நூலோடு ஒப்பிட்டு எடுத்துக்கொடுப்பவர், ஒலி எழுப்புபவர், காட்சிப் பொருள்களைத் திரட்டுபவர் ஆகிய அனைவரும் நாடகத்தைக் கற்பவரே.

துவாவா? ஜெபாட்டா?

நம் நாட்டு மாணவர் அனைவரும் அறிந்த கதை, மலாக்காவின் ஹங் துவா, ஹங் ஜெபாட் கதை. அவதூற்றை நம்பிய சுல்தான், துவாவைக் கொல்லுமாறு ஆணையிட்டார். பெண்டஹாரா அவனைக் கொல்லாது மறைத்துவைத்தார். நண்பன் இறந்தான் என்றெண்ணிய ஜெபாட், அரண்மனையிற் கிளர்ச்சி செய்தான். பின்னர் அழைத்து வரப்பட்ட துவா, அரச ஆணைக்குப் பணிந்து, தன் நண்பனாகிய ஜெபாட்டையே கொன்றான்.

பழைய காவியம் துவாவின் பற்றுறுதியைப் போற்றுகிறது. தேசிய இலக்கியவாதி உஸ்மான் அவாங் 1961ஆம் ஆண்டில் எழுதிய 'ஒரு வீரனின் மரணம்' எனப் பொருள்படும் நாடகமோ, நீதிக்காக எழுந்த ஜெபாட்டை வீரனாக நிறுத்துகிறது. கதை ஒன்றே, நிற்கும் இடம் மாறியதும் நாடகம் மாறிவிட்டது.

வகுப்பில் இதனைப் பயிற்சியாகக் கொள்ளலாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் துவாவாகவும் மற்றவர் ஜெபாட்டாகவும் வாதிடட்டும். பத்து நிமிடங்களுக்குப் பின் இடம் மாறி நின்று, சற்று முன் எதிர்த்த கருத்தையே தம் கருத்தாக வாதிடட்டும். தாம் மறுத்த மனிதரின் உள்ளத்திற்குள் புகுந்து பார்க்கும் ஆற்றலை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் வழி அரிது. பல இன மக்கள் கூடி வாழும் நம் நாட்டில் இவ்வாற்றலின் தேவையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தோட்டத்தின் மேடை

நாடகம் நம்மவர்க்குப் புதியதன்று. தோட்டங்களில் நம் பாட்டன்மார் பகலெல்லாம் உழைத்து, இரவிற் காமன் கூத்தும் வள்ளி திருமணமும் பொன்னர் சங்கர் கதையும் ஆடினர். அவர்களுட் பலர் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் விடியுமளவும் நீளும் பாட்டையும் வசனத்தையும் நெஞ்சில் வைத்திருந்தனர். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தமிழகத்தில் சிறுவர்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தியதும் ஈண்டு நினைக்கத் தக்கது. அவரிடம் சிறுவராகப் பயின்றவருள் ஒருவரே பின்னாளில் 'ஔவை' எனப் புகழ்பெற்ற தி.க. சண்முகம்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல நகரங்களாக மாறின, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. திடலும் லயமும் போன இடங்களில் அக்கூத்துகளும் ஓய்ந்தன. ஆனால், அவற்றைக் கண்டோரும் ஆடினோரும் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கின்றனர். மாணவர்களே, உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ சென்று அமருங்கள். எந்த வேடம் கட்டினார்கள், முகத்திற்கு எதைப் பூசினார்கள், விளக்கிற்கு என்ன செய்தார்கள், வசனத்தை யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் நினைவு மறையும் நாளில் அம்மேடையும் மறைந்துவிடும்; பிறகு அதனைத் தேட நூலகம் எதுவும் உதவாது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு இப்பொழுது வருவோம். நாடகம் கற்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் பேசிய பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் பெரிய வகுப்பில் வாய்மூடி அமர்ந்துவிடுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பீர்கள். விடை தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளைகள் உண்டு. பின்னாளில் வேலைக்கான நேர்முகத் தேர்வில், சான்றிதழ் கையில் இருந்தும் குரல் எழாமல் வாய்ப்பை இழப்போரும் உண்டு. அறிவு இல்லாமையால் அன்று. பிறர்முன் நின்று பழகாமையால் நேரும் இழப்பு அது. நான்கு பேர் முன்னிலையில் நிமிர்ந்து நிற்கவும், கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பேசவும், மற்றவர் பேசும்போது செவிமடுத்துக் காத்திருக்கவும் நாடகப் பாடம் பழக்குகிறது. இதற்குத் தனிக்கட்டணம் ஏதுமில்லை.

இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படவில்லையெனின், வாளாவிருத்தல் வேண்டா. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசிய இடைநிலைப் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். அண்டை அயலாரோடு கலந்து பேசி, பள்ளி முதல்வரை நேரிற் காணுங்கள். மொழி வகுப்பு நிலைபெற்ற இடத்தில்தான் இலக்கிய வகுப்பும் நாடகமும் வேர்கொள்ளும்.

நாடகத்தில் தனித் திறமை காட்டும் பிள்ளைகளுக்கு மேற்செல்லும் வழியும் உண்டு. 2007இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் தொடங்கப்பெற்ற மலேசியக் கலைப்பள்ளிகளில், இசை, நடனம், காண்கலை ஆகியவற்றோடு நாடகமும் ஒரு துறை. அதற்கு மேல், 1994இல் தோற்றுவிக்கப்பட்டு இன்று அஸ்வாரா என வழங்கும் தேசியக் கலைக்கழகம் கோலாலம்பூரில் உள்ளது. கற்றவர் அனைவரும் நடிகராக வேண்டும் என்பதில்லை. ஆசிரியராக, வழக்கறிஞராக, தாதியாக, தொழிற்சங்கப் பேச்சாளராக விளங்கப்போகும் எவருக்கும் தெளிவான குரலும் பிறர் மனம் அறியும் பண்பும் இன்றியமையாதன.

ஆகவே, இன்றிரவு உங்கள் பிள்ளை வீட்டுக் கூடத்தில் நின்று உரக்க வசனம் பேசினால், "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்திவிட்டு, எதிரே அமர்ந்து கேளுங்கள். மறு வேடத்திற்கு ஆள் இல்லையெனில், நூலை வாங்கி அவ்வரிகளை நீங்களே படித்துக் கொடுங்கள். மூன்றாம் தமிழ் நம் வீட்டிலேயே மீண்டும் மேடையேறட்டும்.

பயிற்சி

1. மேலே உள்ள சிறு காட்சியை மூவர் சேர்ந்து மூன்று வகையாக நடித்துக் காட்டுக. எவ்வகை பொருத்தமானது என்பதைச் சான்றுடன் எழுதுக.

2. அக்காட்சிக்கு அடுத்ததாக, ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழும் காட்சியைப் பன்னிரண்டு வரிகளுக்கு மிகாமல் எழுதுக. "அன்பு", "வருத்தம்" என்னும் சொற்கள் அதில் வருதல் கூடாது.

3. நீங்கள் கற்கும் நாடகத்தில் முகம் முதல் துய்த்தல் ஈறாக ஐந்து நிலைகளும் அமைந்துள்ள காட்சிகளைக் குறித்துக் காட்டுக.

4. தோட்டத்துக் கூத்தைக் கண்ட முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்ததை ஒரு பக்க அளவில் எழுதி, வகுப்பில் நின்று படித்துக் காட்டுக.